சுருக்கிச் சொன்னது

ஆகஸ்ட் 14, வியாழன்

சோளகக் காற்று இன்னும் ஓயவில்லை. முற்றம் கூட்டி அரை மணித்தியாலத்தில் திரும்பவும் மணல். கூட்டுவதை விட்டாயிற்று.

காலை ஏழு முதல் இரவு ஏழு வரை டியூட்டி. ஜெஸிந்தாவும் மற்ற இரண்டு தாதிமாரும் மடு மாதா திருவிழாவுக்குப் போய்விட்டார்கள். ஆஸ்பத்திரி வோட்டில் எட்டுக் கட்டில், பதினொரு நோயாளி. பெருநாளுக்கு எனக்காக நின்றவர்கள், அதனால் வாய் திறக்க முடியாது. கால் மட்டும் தனியாக முறைப்பாடு செய்கிறது.

செய்ய வேண்டியவை:
மகள் ஹஸ்னாவுக்குச் சப்பாத்து (பள்ளிக்கூட லீவு முடிய முன்).
மா அரைக்க.
மூன்றாம் பயிற்சி. திங்கள், இரவு 11.59. அது வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் நேரமா எங்களுடைய நேரமா? பார்க்க.

சோறு தின்னும்போது கீரிக் கிராமத்திலிருந்து மாமி போன்.

"பர்ஸானா, இந்தப் படிப்பு முடிஞ்சா டொக்டராகலாமா?"

"இல்ல மாமி."

"அப்ப பெரிய மிஸ், மேற்றன்?"

"அதுவும் இல்ல."

"அப்ப என்னத்துக்கு இந்தப் பாடு?"

"நோயாளி சொல்ற கதைய எப்பிடிக் கேக்கிறதெண்டு படிக்கிறது மாமி."

"அதுக்குப் படிக்கோணுமா? பஸ்ஸில ஏறினாச் சொல்லுவாங்களே."

சிரித்துவிட்டேன். மருத்துவ மானுடவியல், முதுகலை, ஒன்லைன். ஒன்பது மாதமாகியும் இதை ஒரு வசனத்தில் ஒருவருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை. பதினாலு வருடமாகத் தாதியாக இருந்துவிட்டு, ஒரு நாள் கண்ணாடியில் பார்த்தால் முகம் பைல் கவர் போல இருந்தது. அன்றைக்குத்தான் விண்ணப்பம் போட்டேன். இப்போது முகம் அப்படியேதான் இருக்கிறது, நித்திரை மட்டும் போய்விட்டது.

பயிற்சி இதுதான். கிளினிக்கில் நடக்கும் ஒரு உரையாடலை, சம்மதம் வாங்கி, ஒலிப்பதிவு செய்ய வேண்டும். பிறகு ஒரு சொல் விடாமல், இருமல், மௌனம் எல்லாவற்றோடும் எழுத வேண்டும். அதைப் பற்றிக் கட்டுரை. பதிவு நேற்று, புதன் சீனி வருத்தக் கிளினிக்கில் முடிந்தது. டொக்டர் கையெழுத்துப் போட்டார். நோயாளியும் போட்டா. பவளம் அம்மா, ஐம்பத்தாறு வயது. மலையகத்திலிருந்து சின்னதிலேயே இடம்பெயர்ந்து வந்து, முசலிப் பக்கம் உள்ளே இருக்கும் குடியேற்றத்தில் இருப்பவ. கூலி வேலை. கட்டுரையில் பெயர் போடக்கூடாது, "ப." என்று போட வேண்டும்.

டொக்டர் தெற்குப் பக்கத்துச் சிங்களவர். நல்ல பிள்ளை, இருபத்தெட்டு வயது இருக்கும். தமிழ் "வணக்கம்", "வலிக்குதா" இரண்டோடு சரி. ஆகையால் கிளினிக் நாளில் பக்கத்தில் நிற்பது நான். புத்தளம் அகதி முகாமில் வளர்ந்தவளுக்குச் சிங்களம் கடையில் வந்தது, பள்ளிக்கூடத்தில் வந்தது, சண்டையிலும் வந்தது. ஒரு நாளைக்குத் தொண்ணூறு பேர். நான் இல்லாவிட்டால் கிளினிக் ஓடாது என்று ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்வார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

நாளைக்கு எழுதத் தொடங்குவேன். இன்று முடியாது.


ஆகஸ்ட் 15, வெள்ளி

லீவு. காற்று. உடுப்புக் கொடி இரண்டு தரம் அறுந்து விழுந்தது.

நேற்றுத் தவறிய வகுப்பின் பதிவைக் காலையில் பார்த்தேன். ஹெலன், எங்கள் விரிவுரையாளர், மடியில் பூனையை வைத்துக்கொண்டு, "நோயாளி எங்கே பேச்சை நிறுத்துகிறார் என்று கேளுங்கள்" என்கிறா. எங்கள் கிளினிக்கில் நோயாளி நிறுத்தாவிட்டால் நான் நிறுத்துவேன் அம்மா, வெளியில் எண்பது பேர். இதை வகுப்பில் சொல்லத் தைரியம் இல்லை.

இவர் ஜும்ஆவுக்குப் போன பிறகு இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். ஹஸ்னா ஒரு பக்கத்தைத் தன் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "உம்மா, இது நீங்களா? எங்கட பிரின்ஸிபல் மாதிரி இருக்கு" என்றாள். அவளை விரட்டினேன். ஆனால் உண்மை. இவ்வளவு கடுமையான குரலா எனக்கு?

எழுதியதை அப்படியே இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

டொக்டர் (சிங்களத்தில்): மருந்து ஒழுங்காக எடுக்கிறாவா?

நான்: அம்மா, குளிசை ஒழுங்காப் போடுறீங்களா?

ப.: போடுறேங்க மிஸ்ஸி. ஆனா வேலைக்குப் போற நாள்ல போட முடியலைங்க. விடியக்காலமே லொறி வந்துரும், வெறும் தேத்தண்ணியக் குடிச்சிட்டு ஏறுறது. மாத்திரையப் போட்டுட்டு வெயில்ல குனிஞ்சு வெங்காயம் புடுங்குனா, கை காலு நடுங்கி, வேர்த்து ஊத்தி, கண்ணு இருட்டிக்கிட்டு வருது. தோட்டத்துல விழுந்துட்டேன் மிஸ்ஸி. யாரு தூக்குனாங்கன்னே தெரியல. அதுலருந்து வேலை இல்லாத நாளுல மட்டும்தான் போடுறது. தப்புன்னாச் சொல்லுங்க.

நான்: ம்... ம்... (கதவடியில் நின்றவரிடம்) ஊசிப் பெட்டி மற்ற அலுமாரியில, மேல் தட்டில பாருங்கோ. (டொக்டரிடம்) ஹரியட்ட பெஹெத் பொனவா கியனவா, சேர்.

தமிழில்: ஒழுங்காக மருந்து எடுக்கிறாவாம், சேர்.

மூன்று தரம் திருப்பிக் கேட்டேன். அவ நாற்பத்தெட்டு செக்கன் பேசியிருக்கிறா. நான் மூன்று செக்கன்.

மிச்சமும் இருக்கிறது. ஒழுங்காக எடுத்தும் சீனி இவ்வளவு கூட என்றால் மருந்து போதாது என்று டொக்டர் நினைத்தார். அவர் பிழை இல்லை. காலையில் ஒன்று என்று இருந்ததை இரண்டாக்கினார். நான் அதைச் சுத்தமாகத் தமிழில் சொல்லியிருக்கிறேன்: "இனி விடிய ரெண்டு போடுங்கோ அம்மா. ஒரு நாளும் விடக் கூடாது, விளங்குதா?" பிறகு நாலு செக்கன் ஒன்றும் இல்லை. பிறகு "சரிங்க மிஸ்ஸி."

ஒன்று போட்டே விழுந்தவ. வெறும் வயிற்றில் இரண்டு போட்டுவிட்டு வெயிலில் குனிந்தால் சீனி இறங்கி மயங்கி அப்படியே போய்விடலாம். புதன் சொன்னது. வியாழன், வெள்ளி, இரண்டு காலை போய்விட்டது.

யா அல்லாஹ். அவ சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை. மறந்தேன் என்று கூடச் சொல்ல முடியாது, காதில் விழவே இல்லை. எனக்கு அந்த ஊசிப் பெட்டி ஞாபகம் இருக்கிறது.

சம்மதப் படிவத்தில் இருந்த நம்பருக்கு ஏழு தரம் எடுத்தேன். கடைசியில் மகன், கொழும்பில் கட்டட வேலை. "அம்மாட்ட போன் இல்லைங்க. ஏதும் அவசரமா?" இல்லை, கிளினிக் விசயம் என்றேன். ஏன் இல்லை என்று சொன்னேன்?

இவர் வந்ததும் சொன்னேன். கேட்டுவிட்டு, "இப்பவே வெளிக்கிடு, போவம்" என்றார். போனோம். குடியேற்றத்தில் அவவின் வீடு பூட்டு. அடுத்த வீட்டில் ஒரு பிள்ளை சொன்னது: திருவிழாவுக்குச் சனத்தோடு டிரக்டரில் மடுவுக்குப் போயிருக்கிறா, இருட்டினால்தான் வருவா. நாளைக்கு வெங்காய வேலையாம். காலையில் குளிசை போட வேண்டாம் என்று ஒரு துண்டில் எழுதிக் கதவில் செருகினோம். அவவுக்கு வாசிக்கத் தெரியுமா என்று வரும் வழியில்தான் யோசித்தேன்.

டொக்டருக்கு இன்னும் சொல்லவில்லை. லீவில் வீட்டுக்குப் போயிருக்கிறார், போன் இருக்கிறது. எனக்குத்தான் எடுக்க மனம் இல்லை. அவவைக் கண்டு ஒன்றாகக் குறைக்கச் சொல்லிவிட்டால் ஒருவருக்கும் தெரியாமல் முடிந்துவிடும் என்று ஓர் எண்ணம். மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ எனக்கு அதிகாரம் இல்லை என்று முதலாம் வருட மாணவிக்கும் தெரியும். கோழைத்தனம் என்று இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.


ஆகஸ்ட் 16, சனி

பின்னேர டியூட்டிதான். விடிய ஐந்தரைக்கு மோட்டார் சைக்கிளில் போனோம். மீன் பெட்டியைக் கழற்ற நேரமில்லை, வழி முழுக்கச் சூடை மீன் மணம். லொறி போய்விட்டது. கதவில் துண்டு இல்லை.

தோட்டத்தைத் தேடிப் பிடிக்க ஒன்றரை மணித்தியாலம். யாரோ ஒரு முதலாளியின் காணி, முள்ளுக்கம்பி, கிணற்றடியில் மோட்டார் இரைச்சல். இருபது பெண்கள் குனிந்திருந்தார்கள். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பவளம் அம்மா வேப்பமர நிழலில் தனியாக உட்கார்ந்திருந்தா. தலைத்துணி நனைந்து, கையில் பிளாஸ்டிக் கோப்பை. பக்கத்தில் ஒரு பெண் சீனித் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டு நின்றா.

"மிஸ்ஸியா? இங்க எதுக்கு வந்தீங்க, வெயில்ல?"

எழும்பப் பார்த்தா. இருக்க வைத்தேன். நாடி பிடித்தேன், கை ஈரம், குளிர். "இண்டைக்கு எத்தினை போட்டீங்க அம்மா?"

"ரெண்டுங்க. நீங்க சொன்னபடிக்கு. துண்டு இருந்திச்சு, இருட்டுல கண்ணு தெரியல. வேலை முடிஞ்சு வந்து பாப்பம்னு மடிச்சு வச்சிருக்கேன்." இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினா.

வியாழனும் போட்டிருக்கிறா, வியாழனும் மயக்கம். நேற்று வேலை இல்லாததால் தப்பியிருக்கிறா. என் கைப்பையில் கிடந்த டொபியை உரித்து வாயில் வைத்தேன். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து என் முன்னாலேயே சாப்பிடச் சொன்னேன். ரொட்டியும் சம்பலும். மேற்பார்வை பார்க்கிறவன் வந்து, "என்ன மிஸ், கூட்டமா?" என்றான். இவர் அவனைத் தள்ளிக்கொண்டு போய் ஏதோ மீன் விலை பேசிக்கொண்டு நின்றார். அதற்காக இவருக்கு நூறு பாவம் மன்னிக்கலாம்.

அங்கேயே டொக்டருக்குப் போன் எடுத்தேன். இனி ஒளிக்க ஒன்றும் இல்லை. சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். புதன்கிழமை நோயாளி சொன்னதை நான் சொல்லாமல் விட்டேன், சேர். வேலை நாளில் குளிசை போடுவதில்லை. வெறும் வயிறு. போட்டால் நடுக்கம், வியர்வை. தோட்டத்தில் ஒரு தடவை விழுந்திருக்கிறா.

"தெபாரக்."

என் பக்கத்தில் இருந்துதான் வந்தது. ரொட்டியை மென்றுகொண்டே, தலை நிமிராமல். சிங்களத்தில்: இரண்டு தடவை.

டொக்டருக்கும் கேட்டிருக்கிறது. யார் அது என்றார். அவதான், சேர், என்றேன்.

டொக்டர் சொன்னவை: இரண்டாவது குளிசை இன்றோடு நிறுத்த. பழையபடி ஒன்று, அதுவும் சாப்பிட்ட பிறகு மட்டும். இன்று வேலை வேண்டாம். திங்கள் காலை வரட்டும், மருந்தை மாற்றுவோம். பிறகு, "மிஸ், நீங்கள் எனக்கு எவ்வளவு காலம் மொழிபெயர்க்கிறீர்கள்?" இரண்டு வருடம், சேர். "திங்கள் பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

போனை வைத்துவிட்டுக் கேட்டேன். "உங்களுக்குச் சிங்களம் தெரியுமா அம்மா?"

"அங்கன மலையில தேயிலத் தோட்டத்துக்குக் கீழயே சிங்கள ஊருதானே மிஸ்ஸி. சின்னப் புள்ளையில அதுகளோடதான் வெளையாடுறது. கலவரத்துல நாங்க இருந்த லயத்தக் கொளுத்தினதுக்குப் பொறகு பேசுறதில்ல. காதுல மட்டும் இருக்கு."

"அப்ப புதன்கிழமை..."

"வெளங்கிச்சுங்க. நான் சொன்னத நீங்க சொல்லலன்னு தெரியும்."

"ஏனம்மா பேசாம இருந்தீங்க?"

கோப்பையைக் கழுவி ஊற்றினா. "நீங்க படிச்சவங்க. டொக்டருக்குத் தேவையில்லாத கதைன்னு நீங்களே கழிச்சிட்டீங்கன்னு நெனச்சேன். விழுறது ஒரு பெரிய விசயம் இல்ல போல, மாத்திரைதான் முக்கியம் போலன்னுட்டு."

அதனால்தான் இரண்டு போட்டிருக்கிறா. நான் விட்டதையும் மருந்துச் சீட்டு மாதிரி மதித்திருக்கிறா.

வீட்டில் கொண்டுபோய் விட்டோம். மூன்று பேர் ஒரு மோட்டார் சைக்கிளில், மீன் பெட்டியோடு. பின்னேர டியூட்டி எப்படிச் செய்தேன் என்று தெரியாது.


ஆகஸ்ட் 17, ஞாயிறு

காற்றுக் கொஞ்சம் குறைவு. தலையிடி.

இரண்டு வருடம், கிழமைக்கு ஒரு கிளினிக், நாளுக்குத் தொண்ணூறு பேர். கணக்குப் போடத் தொடங்கி நிறுத்திவிட்டேன். முகங்கள் வருகின்றன. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கனவு சொல்லத் தொடங்கின கிழவர்: "வயிற்றுக் காஸ், சேர்" என்றேன். காஸாகத்தான் இருந்திருக்கும். இருந்திருக்குமா? புருசன் பெயரை எடுத்தவுடன் அழுத பிள்ளை: "நித்திரை குறைவு, சேர்." இவர்களை எல்லாம் எங்கே போய்த் தேடுவது?

பயிற்சியைப் பற்றி: பதிவில் ஆரம்பத்து ஆறு நிமிடம் நல்லது. கால் எரிவு, கண், பேரப்பிள்ளையின் படிப்பு. அதை மட்டும் எழுதி அனுப்பினால் யாருக்குத் தெரியும்? ஹெலனுக்குத் தமிழும் தெரியாது, சிங்களமும் தெரியாது. ஒரு மணித்தியாலம் இந்த யோசனையோடு இருந்தேன்.

இவர் வலை பொத்திக்கொண்டே சொன்னார்: "உள்ளத எழுது. இல்லாட்டி இந்தப் படிப்ப விட்டுட்டு நித்திரையாவது கொள்ளு."

எழுதினேன். அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்தவள், ஹஸ்னா சோறு போட்டுத் தரும் வரை எழும்பவில்லை. ஒன்பது பக்கம். என் பிழை, என் காது, என் களைப்பு, அதிகாரம், மொழி, முகாம், எல்லாம். மேற்கோளும் போட்டாயிற்று. வாசித்தபோது எனக்கே அழுகை வந்தது. இந்த வருடத்தில் நான் எழுதியதில் இதுதான் நல்லது. வெட்கமில்லாமல் சந்தோசமும் வந்தது.

அனுப்பும் முன் அவவிடம் கேட்க வேண்டும். சம்மதம் தந்தது இப்படி ஒரு கதைக்கு இல்லை.


ஆகஸ்ட் 18, திங்கள்

பவளம் அம்மா காலை ஆறே முக்காலுக்கே வந்து கிளினிக் வாசல் வாங்கில் இருந்தா. வெள்ளைச் சேலை, தலைக்கு எண்ணெய். நோவு இல்லை, மயக்கம் இல்லை. சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தாவாம்.

டொக்டர் வர நேரம் இருந்தது. கட்டுரையைத் தமிழில் சொன்னேன், பக்கம் பக்கமாக. கேட்டுக்கொண்டே இருந்தா. முடிந்ததும் கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பை நீவினா.

"நல்லா எழுதியிருக்கீங்க மிஸ்ஸி. அனுப்புங்க, எனக்கு ஒண்ணும் இல்ல." பிறகு: "ஆனா எல்லாம் உங்களப் பத்தித்தான் இருக்கு. நான் விழுந்தது எங்கன இருக்கு?"

இரண்டாம் பக்கத்தில், ஒரு வரி. தேடிக் காட்டவே கொஞ்ச நேரம் எடுத்தது.

"வியாழக்கெழம ரெண்டாவது தரம் விழுந்தப்ப வாயில மண்ணு போயிருச்சு. பக்கத்துல இருந்தவ கத்துறா, எனக்குக் கேக்குது, வாயில பேச்சு வரமாட்டேங்குது. செத்துட்டேன்னுதான் நெனச்சேன். அதையும் கேப்பீங்கன்னு பாத்தேன்."

கேட்கவில்லை. சனிக்கிழமை நாடி பிடித்தேன், சிங்களம் ஏன் பேசவில்லை என்று கேட்டேன், பிறகு ஒன்பது பக்கம் எழுதினேன்.

ஹெலனுக்கு போனிலேயே இரண்டு வரி. ஒரு கிழமை தாருங்கள். நோயாளி கட்டுரையைக் கேட்டுவிட்டுத் திருத்தம் சொல்லியிருக்கிறா.

டொக்டர் வந்தார். முதல் நம்பராக இவவை எடுத்தார். என்னைப் பார்க்காமல் நேராக அவவிடம், மெதுவாக, சிங்களத்தில் கேட்டார்: எப்படி இருக்கிறீர்கள் அம்மா, விழுந்ததைப் பற்றி எனக்குச் சொல்லுங்கள். அவ வாயைத் திறந்தா. இரண்டு சொல் வந்தது. மூன்றாவது வரவில்லை. நான் சுவரோடு நின்றேன், கிட்டப் போகவில்லை. இனி இந்த வேலை எனக்கில்லை என்றே நினைத்தேன்.

அவ திரும்பி என் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டா.

"நீங்களே சொல்லுங்க மிஸ்ஸி. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

இருந்தேன். அவ ஒரு வசனம் சொல்லி நிறுத்தினா, நான் அதைச் சொன்னேன். லொறி. வெறும் தேத்தண்ணி. வெயில். ஒவ்வொன்றுக்கும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்து தலையாட்டினா. வெளியில் சனம் சத்தம் போடத் தொடங்கியது, யாரோ கதவைத் தட்டினார்கள், திரும்பவில்லை. மண் வாயில் போனதுக்கு வந்தோம். வாயில் மண் பட்டது, சேர், என்றேன்.

அவ தலையாட்டவில்லை.

திரும்பச் சொன்னேன்: வாய்க்குள் மண் போய்விட்டது, சேர்.